பித்தும் மறதியும்: இந்தியக் கஞ்சா ஆணையம் (1893-94) கேளாத வினா

முன்னுரை

கஞ்சாவைத் தடை செய்வதா, நெறிப்படுத்துவதா என்னும் விவாதம் இந்தியாவில் எழும்போதெல்லாம் 1894ஆம் ஆண்டின் அறிக்கை ஒன்று சான்றாக முன்வைக்கப்படுவதைக் காணலாம். பிரித்தானிய இந்திய அரசு 1893 சூலையில் அமைத்த ‘இந்தியன் ஹெம்ப் டிரக்ஸ் கமிஷன்’ அளித்த அறிக்கை அது. (இக்கட்டுரையில் அது ‘ஆணையம்’ என்றே சுட்டப்பெறும்.) 1,193 சாட்சிகளை வினவி ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவ்வறிக்கை, அளவோடு கஞ்சா பயன்படுத்துவோரின் மனத்திற்கு ஏறத்தாழத் தீங்கு ஏதும் விளைவதில்லை என்றும், மிகையான பயன்பாடே தீங்கு தருவது என்றும் முடிவு கூறியது. தடையை நீக்க வேண்டும் என்போர் இம்முடிவை அப்படியே எடுத்தாள்கின்றனர். தடை வேண்டும் என்போரோ, கலால் வருவாயைக் காப்பதற்காகக் குடியேற்ற ஆட்சி எழுதிக்கொண்ட ஆவணம் என அதனை ஒதுக்கிவிடுகின்றனர். முடிவைப் படித்த இருசாராரும், அம்முடிவு எவ்வினாக்களுக்கு விடையாக எழுந்தது என்பதில் கருத்துச் செலுத்தியதாகத் தெரியவில்லை.

ஆணையம் கஞ்சாவையும் மூளையையும் இணைத்துக் கேட்ட வினா பித்தைப் பற்றியது. கடந்த அறுபது ஆண்டுகளில் அறிவியல் மிகத் தெளிவாக நிறுவியிருப்பதோ கஞ்சாவுக்கும் நினைவாற்றலுக்கும் உள்ள தொடர்பு. மறதி பற்றிய வினா 1893இல் ஏன் எழவில்லை, எழுந்திருந்தால் அக்காலத்துக் கருவிகளைக் கொண்டு அதற்கு விடை கண்டிருக்க இயலுமா என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆவணங்களைப் பனுவல்களாகக் கொண்டு வாசிக்கும் முறை இங்குப் பின்பற்றப்படுகிறது. மருத்துவ முடிவு கூறுதல் இதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

கல்கத்தாவில் ஒரு மாணவர்

கஞ்சாவை ஐரோப்பிய மருத்துவத்திற்கு முறையாக அறிமுகப்படுத்தியவர் வில்லியம் புரூக் ஓஷானசி. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். பின்னாளில் இந்தியாவில் தந்திக் கம்பிகளை நிறுவியவரும் இவரே. 1839இல் வெளியிட்ட ஆய்வுரையில், விலங்குகளுக்கும் பின்னர் நோயாளிகளுக்கும் கஞ்சாப் பிசினைக் கொடுத்துத் தாம் கண்டவற்றை விரித்துரைத்தார். வாதநோய், நீர்வெறுப்பு நோய், வாந்திபேதி, தசைவிறைப்பு நோய், குழந்தைகளின் வலிப்பு ஆகியவற்றுக்கு அதனை அவர் பயன்படுத்திப் பார்த்தார்.

அவ்வுரையில் நமக்கு வேண்டுவது இடையில் வரும் சிறு பகுதி. கல்லூரி மாணவர் சிலர் தம்மீதே சோதனை செய்துகொண்டனர். அவர்களுள் அடக்கமான இயல்புடைய இளைஞர் ஒருவர் கஞ்சாச் சாராயக் கரைசலில் பத்துத் துளி அருந்தினார். சிறிது நேரத்தில் தம்மை அரசனாக எண்ணி அவையோர்க்கு ஆணைகள் இடத் தொடங்கினார். உடன் பயிலும் மாணவர் ஒருவரையும் அவரால் அடையாளம் காண இயலவில்லை. தாம் மாணவராயிருந்த காலம் கழிந்து பல்லாண்டுகள் ஆயின என்று பேசினார். நிகழாத ஆண்டுகளின் பயணங்களையும் தாம் ஈட்டிய செல்வத்தையும் வருணித்தார்.

ஓஷானசி இதனை வேடிக்கையான நிகழ்ச்சியாகவே பதிவு செய்தார். இன்று அப்பகுதியைப் படிப்போர்க்கு அதில் மூன்று செய்திகள் புலப்படும். அறிந்த முகங்கள் அறியாதனவாதல் ஒன்று. காலவுணர்வு நீளுதல் மற்றொன்று. நடவாத ஒன்றை நடந்ததாக நினைவுகூர்தல் மூன்றாவது. மூன்றும் நினைவைச் சார்ந்தவை. எனினும் ‘நினைவு’ என்னும் தலைப்பில் அவை தொகுக்கப்படவில்லை. ‘களிமயக்கம்’ என்னும் ஒற்றைச் சொல்லின்கீழ் அடங்கிப்போயின.

அதன்பின் ஆறாண்டுகள் கழித்து, 1845இல், பாரிசு மருத்துவர் ழாக்-ஜோசப் மோரோ ஹஷீஷ் பற்றியும் மனப்பிறழ்வு பற்றியும் ஒரு நூல் எழுதினார். மனநோயாளியின் உள்ளத்தை மருத்துவர் உள்ளிருந்தே அறிய வேண்டுமானால், சிறிது நேரம் தாமே பித்தராகிப் பார்க்க வேண்டும். அதற்கு ஹஷீஷ் வழிசெய்யும் என்பது அவர் கொள்கை. காலம், இடம் பற்றிய உணர்வு பிறழ்வதையும் அவர் எடுத்துரைத்தார். ஆயினும் அவையும் பித்தின் கூறுகளாகவே எண்ணப்பட்டன. கஞ்சா என்றால் பித்து என்னும் இணைப்பு, மருத்துவ எழுத்தில் இவ்வாறு தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டது எனலாம்.

‘காரணம்’ என்னும் கட்டம்

ஆணையம் அமைவதற்கு உடனடித் தூண்டுதல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் நேர்ந்தது. மதுவிலக்கு இயக்கத்தைச் சார்ந்த டபிள்யூ. எஸ். கெயின் 1893 மார்ச்சு 2ஆம் நாள் எழுப்பிய வினா, வங்காளத்தில் கஞ்சா விளைவிப்பதையும் விற்பதையும் அவை மக்களின் ஒழுக்கத்திலும் வாழ்விலும் விளைவிக்கும் பயன்களையும் ஆராய வேண்டும் என்பது. அக்காலத்தில் வங்காளத்துக்குரிய கஞ்சா முதன்மையாக ராஜஷாஹி மாவட்டத்தின் நவகாவ் பகுதியில் அரசு உரிமம் பெற்றுப் பயிரிடப்பட்டது. இன்று அப்பகுதி வங்கதேசத்தில் உள்ளது. இந்திய அரசு விசாரணையை நாடு முழுமைக்கும் விரித்தது. டபிள்யூ. மெக்வொர்த் யங் தலைவரானார். உறுப்பினர்களுள் மூவர் இந்தியர். அம்மூவருள் ராஜா சசி சேகரேசுவர ராய், லாலா நிகால் சந்த் ஆகிய இருவர் பெரும்பான்மையோரின் முடிவோடு உடன்படாமல் தனிக் குறிப்புகளை இணைத்தனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

சாட்சிகளுக்கு அனுப்பப்பட்ட வினாநிரல் எழுபது வினாக்களைக் கொண்டது. அவற்றுள் 45ஆம் வினாவே நம் ஆய்வுக்கு மையமானது. அளவான பயன்பாடு உடலுக்கும் மனத்துக்கும் ஒழுக்கத்துக்கும் கேடு செய்கிறதா என வினவும் அது, பல கிளைகளாகப் பிரிகிறது. செரிமானம், இருமல், ஈளை, சோம்பல், ஒழுக்கக்கேடு ஆகியவற்றைக் கடந்து அறிவுக்கு வருகிறது. அறிவை மழுங்கச் செய்கிறதா, பித்தை உண்டாக்குகிறதா, உண்டாக்கினால் எவ்வகைப் பித்து, அது நிலையானதா தற்காலிகமானதா, காப்பகத்திலிருந்து வெளிவந்தபின் மீண்டும் கஞ்சாவைத் தொட்டால் அறிகுறிகள் திரும்புகின்றனவா என்று வினா மேலும் மேலும் நுணுகுகிறது. அறிவு மழுங்குதல் ஒரு சொல்லளவில் நின்றுவிட, பித்துக்கு மட்டும் இத்தனை உள்வினாக்கள்! நினைவாற்றல் என்னும் சொல்லுக்கு அங்கே இடமில்லை.

இதற்குக் காரணம் ஆணையத்தின் முன்னிருந்த தரவின் இயல்பே எனத் தோன்றுகிறது. 1890களில் அரசின் கையில் மனம் பற்றியிருந்த ஆவணம், மனநோய்க் காப்பகங்களின் ஆண்டறிக்கை ஒன்றே. சென்னை மாகாணத்தில் மட்டும் சென்னை, கோழிக்கோடு, விசாகப்பட்டினம் ஆகிய மூன்றிடங்களில் அத்தகைய காப்பகங்கள் இருந்தன. உள்ளே சேர்க்கப்படும் ஒவ்வொருவர்க்கும் ஒரு படிவம் உண்டு. பெயர், வயது, சாதி, தொழில் முதலியவற்றோடு ‘பித்துக்குக் காரணம்’ என்றொரு கட்டமும் அதில் இருந்தது. அக்கட்டத்தை நிரப்பியவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். தெருவில் திரிந்தவனைப் பிடித்துவந்த காவலரோ, அவர் சொல்லைக் கேட்ட நீதிமன்ற எழுத்தரோ எழுதியதே காப்பகப் பதிவேட்டில் படியெடுக்கப்பட்டு, ஆண்டிறுதியில் கூட்டப்பட்டுப் புள்ளிவிவரமாயிற்று. உற்றார் யார் எனத் தெரியாத, ஊர் பெயர் சொல்லவும் இயலாத ஒருவனுக்கு எக்காரணத்தை எழுதுவது? கையில் சிலும்பி இருந்தாலும், கோலம் பரதேசிக் கோலமாயிருந்தாலும் ‘கஞ்சா’ என்று எழுதுவது எளிது. இவ்வாறு எழுதப்பட்ட சொல்லே நாடாளும் மன்றம் வரை சென்று ‘கஞ்சாப் பித்து’ என்னும் நோயாக உருவெடுத்தது.

ஆணையத்தின் பெருஞ்சாதனை இக்கட்டத்தை ஐயுற்றதே ஆகும். 1892ஆம் ஆண்டில் பிரித்தானிய இந்தியக் காப்பகங்களில் சேர்க்கப்பட்டோர் 1,344 பேர். அவர்களுள் 222 பேர்க்குக் காரணம் கஞ்சா வகைகள் எனப் பதிவாகியிருந்தது. அதாவது ஏறத்தாழ ஆறு பேர்க்கு ஒருவர். ஆணையம் இவ்வழக்குகளைத் தனித்தனியே எடுத்து, அவரவர் சொந்த இடங்களிலும் உசாவச் செய்தது. விசாரணை முடிந்தபோது, கஞ்சாவோடு தொடர்புபடுத்தத் தக்கவையாக எஞ்சியவை 98. அவற்றிலும் 37 வழக்குகளில் வேறு காரணமும் உடனிருந்தது. கஞ்சா மட்டுமே காரணம் எனக் கொள்ளத்தக்கவை 61. விழுக்காட்டில் கூறினால் முன்னது 7.3, பின்னது 4.5. பதிவேட்டை வேதவாக்காகக் கொள்ளாமல் அதன் பிறப்பிடத்தைத் தேடிச் சென்ற இம்முறை, சுவடிகளின் மூலபாடம் தேடுவோர் கைக்கொள்ளும் முறையை ஒத்தது. அக்கால அரசு விசாரணைகளுள் இத்தகைய கடுமை அரிது. வருவாய் நோக்கம் ஆட்சிக்கு இருந்தது உண்மையே. ஆயினும் அந்நோக்கம் ஒன்றைக் கொண்டே இப்பகுதியைத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது.

ஆனால் இவ்வளவு உழைப்பும் காப்பகத்தின் வாயிலுக்குள் வந்தவர்களைப் பற்றியதே. பித்தன் ஊருக்கு இடையூறு. ஆதலால் காவலர் கண்ணில் படுகிறான், படிவம் பெறுகிறான். மறதி உடையவன் யாருக்கும் இடையூறு அல்லன். கடன் கொடுத்ததை மறந்த வணிகனும், பாடத்தை மறந்த மாணவனும், சொன்ன வேலையை மறந்த கூலியாளும் எந்தக் காப்பகத்துக்கும் அனுப்பப்படுவதில்லை. அவர்களுக்குப் படிவமும் இல்லை, கட்டமும் இல்லை. அரசின் ஆவண அமைப்பு எதைக் காண்பதற்கென உருவாக்கப்பட்டதோ அதையே கண்டது.

இதனோடு இன்னொரு தடையும் உண்டு. ஆணையம் நம்பிய முறை சாட்சியம். பிறர் பித்தைச் சாட்சி ஒருவர் கண்டு சொல்லலாம். தம் மறதிக்குத் தாமே சாட்சி சொல்வது எவ்வாறு? மறந்தது இன்னதென அறிந்தால் அது மறதி ஆகாது. அளந்து பார்த்தாலன்றி வெளிப்படாத குறை அது.

குரங்கின் மூளை

ஆணையம் அளந்து பார்க்கவும் முயன்றது என்பதைக் குறிப்பிடாமல் விடுதல் கூடாது. கல்கத்தாவிலிருந்த டி. டி. கன்னிங்காம் என்னும் மருத்துவ ஆய்வாளர், குரங்கு ஒன்றை அறையில் அடைத்து எட்டு மாதங்களுக்கு மேல் கஞ்சாப் புகையை மூச்சில் ஏற்கச் செய்தார். பின்னர் அதனைக் கொன்று மூளையை உருப்பெருக்கியின்கீழ் வைத்து ஆராய்ந்தார். கஞ்சாவினால் விளைந்தது எனச் சொல்லத்தக்க சிதைவு எதுவும் தென்படவில்லை. கஞ்சா மூளையைச் சிதைப்பதில்லை என்னும் முடிவுக்கு இச்சோதனையும் துணைநின்றது.

ஒரே ஒரு குரங்கு என்பது இச்சோதனையின் வெளிப்படையான குறை. அதனினும் ஆழ்ந்த குறை, தேடிய பொருளைப் பற்றியது. சிதைவு, வீக்கம், குருதிக்கசிவு போன்றவற்றைக் கண்ணால் காணும் கருவியே அன்று இருந்தது. கட்டமைப்பில் மாற்றமின்றிச் செயற்பாட்டில் மட்டும் நிகழும் தடுமாற்றம் அக்கண்ணாடிக்குப் புலப்படாது. அக்குரங்கு உயிரோடிருந்தபோது, உணவு வைத்த இடத்தை நேற்றுக் கண்டதை இன்று நினைவில் வைத்திருந்ததா என்று சோதித்திருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கக்கூடும். நினைவை அளக்கும் முறை அக்காலத்தில் இல்லை என்றும் கூற இயலாது. ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைப் பட்டியலிட்டு மனனம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என எண்ணிக் கணக்கிட்ட ஆய்வை 1885இலேயே வெளியிட்டுவிட்டார். ஆணையம் கூடியது அதற்கு எட்டாண்டுகளுக்குப் பின்னர். பெர்லினுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே அம்முறை பயணம் செய்யவில்லை.

கிரியர்சனின் குறிப்பு

மொழித்துறையினர்க்கு இவ்வறிக்கையில் தனிச்சுவை உண்டு. இந்திய மொழியியல் அளவாய்வால் பின்னர்ப் புகழ்பெற்ற ஜி. ஏ. கிரியர்சன், சமற்கிருத, இந்தி இலக்கியங்களில் கஞ்சாச் செடி பற்றி வரும் குறிப்புகளைத் தொகுத்து ஆணையத்துக்கு அளித்தார். தென்னக மொழிகள் அத்தொகுப்பின் எல்லைக்குள் வரவில்லை. சித்த மருத்துவ மரபில் ‘சிவமூலி’ முதலிய பெயர்கள் வழங்கியும், இலேகியங்களில் அது சேர்க்கப்பட்டும் வந்த நிலையில், தமிழ்ப் பனுவல்களிலிருந்து இணையான தொகுப்பு ஒன்று எழாமற்போனது இழப்பே. தமிழ்த்துறைகள் இன்றும் மேற்கொள்ளத்தக்க பணி அது.

கிரியர்சன் எடுத்துக்காட்டும் நூல்களுள் ஒன்று இராசநிகண்டு என்னும் சமற்கிருத மருத்துவ நிகண்டு. அது கஞ்சாவின் பண்புகளை அடுக்கும்போது பேச்சைத் தருவது, வலிமை தருவது என்பனவற்றோடு ‘மேதை’யை உண்டாக்குவது என்றும் கூறுகிறது. மேதை என்பது வெறும் கூர்மதி அன்று. கற்றதை உள்ளத்தே தாங்கி நிறுத்தும் ஆற்றலையும் அது குறிக்கும். ஆக, நாட்டு மருத்துவ மரபு ஒன்று இச்செடியை நினைவுக்கு உதவுவதாகப் போற்ற, ஆட்சியின் பதிவேடு அதனைப் பித்துக்கு வித்தாகத் தூற்றியது. இரண்டும் ஒரே அறிக்கைத் தொகுதிகளில் அருகருகே அச்சாகியும், இவற்றுள் எது மெய் எனச் சோதிக்க ஒருவரும் முனையவில்லை. நிகண்டு வழக்கை இலக்கியச் செய்தியாகவும், பதிவேட்டை அறிவியல் செய்தியாகவும் வகைபிரித்து வைத்துவிட்டமையே காரணமாகலாம்.

ஆனந்தத்தின் பெயர் பெற்ற பொருள்

மறதி பற்றிய வினா அறிவியலில் உறுதியாக எழ, முதலில் செடியின் செயற்பொருள் தெரியவேண்டியிருந்தது. 1964இல் இசுரேலில் ரபேல் மெக்கூலம், எகியேல் காவோனி ஆகியோர் டெட்ராஹைட்ரோகன்னபினால் (டி.எச்.சி.) என்னும் பொருளைத் தூய நிலையில் பிரித்து அதன் கட்டமைப்பை வெளியிட்டனர். அது மூளையில் எங்குச் சென்று பொருந்துகிறது என்பதற்கு மேலும் கால் நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. 1988இல் அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட், வில்லியம் டிவேன் ஆகியோர் எலியின் மூளையில் அதற்கெனத் தனி ஏற்பி உண்டென நிறுவினர். 1990இல் அவ்வேற்பியின் மரபணு பிரித்தறியப்பட்டது. அதே ஆண்டில் ஏற்பிகள் மூளையில் எங்கெங்குச் செறிந்துள்ளன என்னும் வரைபடமும் வெளிவந்தது. சுவாசத்தை நடத்தும் மூளைத்தண்டில் அவை மிகக் குறைவு. கஞ்சாவை மிகுதியாக உட்கொண்டோர், அபின் உண்டோரைப்போல மூச்சடங்கி இறவாமைக்கு இதுவே விளக்கம். அவை மிகச் செறிந்த இடங்களுள் ஒன்று, கடற்குதிரை வடிவினதால் கிரேக்கத்தில் அப்பெயர் பெற்ற ‘ஹிப்போகேம்பஸ்’. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி அது.

மனித மூளையில் இத்தகைய பூட்டு இருப்பின், மூளை தானே செய்துகொள்ளும் சாவியும் இருக்க வேண்டும். 1992இல் மெக்கூலமின் குழுவினர் அதனைக் கண்டறிந்து, சமற்கிருத ‘ஆனந்தம்’ என்னும் சொல்லை அடியாகக் கொண்டு ‘ஆனந்தமைடு’ எனப் பெயரிட்டனர். இவ்வகைப் பொருள்கள் செயற்படும் முறை 2001இல் மேலும் தெளிவாயிற்று. பொதுவாக நரம்பணுக்களிடையே செய்தி ஒருதிசையில் செல்லும். இவை எதிர்த்திசையில் செல்கின்றன. செய்தியைப் பெறும் அணு, அனுப்பும் அணுவை நோக்கி ‘போதும்’ எனக் கையமர்த்துவது போன்றது இச்செயல். வேண்டிய இணைப்பில், வேண்டிய கணத்தில் மட்டும் நிகழும் நுண்ணிய அடக்கம் இது. கஞ்சாவின் டி.எச்.சி. இந்நுண்மையை அறியாது. எல்லா இணைப்புகளிலும் ஒருசேரச் சென்று, நெடுநேரம் தங்கி, எல்லோரையும் கையமர்த்துகிறது. பதிய வேண்டியது பதியாமற் போவது இதனால்தான்.

மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறதியை வள்ளுவர் ‘பொச்சாவாமை’ அதிகாரத்தின் தொடக்கத்திலேயே கண்டித்திருப்பதைத் தமிழாசிரியர் ஒருவர் இங்கே நினையாதிருத்தல் அரிது. ஆனந்தத்தின் பெயர் பெற்ற பொருளொன்று மறதியின் வாயிலில் நிற்பது வியப்பூட்டும் ஒற்றுமை. எனினும் இதனைக் கொண்டு வள்ளுவர் நரம்பியல் அறிந்திருந்தார் என எழுதப் புகுதல் ஆய்வுக்கு அழகன்று. அவர் பேசியது ஆள்வோனின் கடமை பற்றி.

மறதியின் அளவு

கஞ்சா தரும் மறதி எத்தகையது என்பதை எபிங்ஹாஸ் வழிவந்த சொற்பட்டியல் சோதனைகள் இன்று தெளிவாகக் காட்டுகின்றன. போதையிலிருக்கும் ஒருவர்க்குச் சொற்பட்டியல் ஒன்றைப் படித்துக் காட்டிச் சிறிது நேரங்கழித்துச் சொல்லச் சொன்னால், மற்றவரினும் குறைவான சொற்களையே சொல்வார். பட்டியலில் இல்லாத சொற்களையும் இருந்தனவாகச் சேர்த்துச் சொல்வார். 1839இல் அரசனாகப் பேசிய கல்கத்தா மாணவர் நினைவுக்கு வரலாம். ஆனால் போதைக்கு முன்பே கற்ற செய்திகளை மீட்டெடுப்பதில் பெருங்குறை நேர்வதில்லை. பழைய சேமிப்பு அழிவதில்லை. புதிய வரவு பதிவதில்லை என்பதே இதன் பொருள். பல செய்திகளை ஒரே வேளையில் உள்ளத்தே ஏந்தி நிற்கும் ஆற்றலும் குன்றுகிறது. நம் கவனகர்கள் அவையில் எதனைக் கொண்டு வியக்கவைத்தார்களோ, அதே ஆற்றல்தான்.

போதை தெளிந்தபின் இக்குறை நீடிக்குமா என்பதே பெற்றோரும் ஆசிரியரும் கேட்பது. 2001இல் ஹாரிசன் போப் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், நெடுங்காலம் மிகுதியாகப் பயன்படுத்தியோரிடம் அதனை நிறுத்திய ஏழாம் நாளிலும் நினைவுக்குறை காணப்பட்டது. 28ஆம் நாளில் மற்றவரோடு வேறுபாடு காணப்படவில்லை. மீட்சி உண்டு என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் பல்லாண்டுப் பயன்பாடு பற்றி 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு, மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை 25 ஆண்டுகள் தொடர்ந்து கண்டு, வேறொரு செய்தி கூறியது. ஒவ்வோர் ஐந்தாண்டுப் பயன்பாட்டுக்கும், பதினைந்து சொற்பட்டியலில் இருவருள் ஒருவர் ஒரு சொல்லைக் குறைவாக நினைவுகூர்ந்தனர். எத்தனை சிறிய அளவு! காவலரும் நீதிபதியும் கண்டிருக்கவே முடியாத அளவு. இளமைக்கு இக்கூற்றை நீட்டுவதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நியூசிலாந்தின் டுனடின் நகரில் 1,037 பேரைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கண்டு 2012இல் வெளியான ஆய்வு, பதின்பருவத்தில் தொடங்கி விடாது பயன்படுத்தியோர்க்கு நுண்ணறிவு ஈவு எட்டுப் புள்ளி வரை குறைந்ததெனக் கூறியது. இரட்டையரை ஒப்பிட்ட 2016ஆம் ஆண்டு ஆய்வோ, அக்குறைவுக்குக் குடும்பச் சூழலே காரணமாகலாம் என்றது. மூளை வளரும் பருவத்தில் இச்சோதனை வேண்டாம் என்னும் அளவில் இருசாராரும் மாறுபடவில்லை.

பித்து பற்றிய பழைய வினாவும் முற்றும் தீர்ந்துவிடவில்லை. சுவீடனில் படைப்பணிக்கு வந்த 45,000க்கும் மேற்பட்ட இளைஞரைப் பின்தொடர்ந்த ஆய்வு (1987), ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியோர்க்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு எனக் காட்டியது. மிகைப் பயன்பாடு மனத்தின் இயல்பான பலவீனத்தோடு சேரும்போது பித்து நேரலாம் என ஆணையம் எழுதியிருந்தது. அவ்வாறு ஒதுக்கிவைத்த 61 வழக்குகள் வெறுமையானவை அல்ல என்பதற்கு இது துணைசெய்கிறது. 222ஐ 61ஆகக் குறைத்ததும் சரியே, 61ஐ சுழியாக்காமல் விட்டதும் சரியே.

பங்கு என்னும் எஞ்சிய வினா

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கஞ்சாச் செடியின் பிசினையும் பூந்தலைகளையும் தடை செய்து, பூந்தலையோடு சேராத இலையையும் விதையையும் விலக்கி வைத்தது. அதனால் வட இந்திய மாநிலங்கள் பலவற்றில் இலையால் செய்த ‘பங்கு’ உரிமக் கடைகளில் விற்கப்படுகிறது. 2020 திசம்பரில் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் ஆணையக் கூட்டத்தில், மிகக் கொடிய பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்குவதற்கு இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. நடுவண் சமூகநீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனம் நடத்தி 2019இல் வெளியான கணக்கெடுப்பின்படி, முந்தைய ஓராண்டில் இச்செடியின் பொருள்களைப் பயன்படுத்திய இந்தியர் ஏறத்தாழ 3.1 கோடி. அவர்களுள் பங்கு உண்டோர் 2.2 கோடி, கஞ்சா, சரஸ் புகைத்தோர் 1.3 கோடி. இரண்டையும் பயன்படுத்தியோரும் உண்டு.

மேலே கூறிய நினைவாய்வுகளோ பெரும்பாலும் மேலைநாடுகளில், புகைப்போரிடம் நடந்தவை. உண்ணும்போது டி.எச்.சி. கல்லீரலில் மாற்றமடைந்து வேறு வடிவில் மூளையை அடைகிறது. போதை மெல்லத் தொடங்கி நெடுநேரம் நீடிக்கிறது. புகைப்பாரிடம் பெற்ற அளவுகளை உண்பாருக்கு அப்படியே பொருத்த இயலாது. 1893இன் வினாநிரல் பங்கு, கஞ்சா, சரஸ் மூன்றையும் தனித்தனியே பிரித்துக் கேட்டது. அப்பகுப்பு இன்றைய ஆய்வுக்கும் வேண்டியதே. அவ்வாணையத்தைச் சான்றாகக் காட்டிப் பங்கு மூளைக்குத் தீங்கற்றது என எழுதுவோர், அது பித்தைப் பற்றி மட்டும் விடையளித்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். சொற்பட்டியல் ஒன்றும் கடிகாரம் ஒன்றும் கையிலிருந்தால், காசியிலோ மதுராவிலோ உரிமக் கடையின் வாயிலிலேயே அடுத்த வினாவைத் தொடங்கிவிடலாம்.